வழியோரச் சின்னங்களின் மொழி



கலை என்று சொன்னவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன ஓவியமும் சிற்பமுமே. ஓவியம் சட்டத்துள் அடங்கிச் சுவரிலே தொங்கும். சிற்பம் பீடத்தின்மேல் நிற்கும். நாம் எதிரே நின்று, இஃது இன்னாருடைய உருவம், இஃது இன்ன காட்சி என்று அறிந்துகொண்டு மேலே செல்வோம். ஆயின், கடந்த அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகெங்கும் வேறொரு வகைக் கலையும் வளர்ந்து வந்திருக்கின்றது. தமிழிலே அதனை நிறுவற்கலை என்றும், தாபனக் கலை என்றும் வழங்குகின்றனர். இக்கலையிலே ஈடுபடுவோர் ஒரு பொருளின் சாயலை வரைவதில்லை. பொருளையே கொண்டுவந்து வைக்கின்றனர். பழைய பெட்டி, கழற்றிய கதவு, மணல் நிரப்பிய பீப்பாய், ஒரு கைப்பிடி நெல் ஆகியனவே அவர்களுக்கு வண்ணமும் தூரிகையும் ஆகின்றன. நாம் அவற்றினிடையே நடந்தும், சுற்றிவந்தும், சில வேளைகளிலே தொட்டும் அறிகின்றோம். இத்தகைய படைப்பு மண்டபத்தை விட்டு வெளியேறித் தெருவிலும் சந்தியிலும் வந்து நிற்கும்போது அது பொதுவிடக் கலை ஆகின்றது.

"இவற்றைப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லையே" என்பது பலருடைய முறைப்பாடு. விளங்காமைக்குக் காரணம், நாம் பழக்கத்தினால் ஒரே கேள்வியைக் கேட்பதுதான். 'இஃது எதனுடைய படம்?' என்று கேட்கின்றோம். இக்கலைக்கு அக்கேள்வி போதாது. கேட்க வேண்டியவை நான்கு. இஃது எதனால் ஆயது? எங்கே நிற்கின்றது? நம் உடம்பின் அளவோடு ஒப்பிட அஃது எவ்வளவினது? அதன் முன்னே மனிதர் என்ன செய்கின்றனர்? பொருள், இடம், அளவு, செயல் என்னும் இந்நான்கினாலுமே இக்கலை பேசுகின்றது. வன்னி நிலத்திலே நாளும் நம் கண்ணிற்படும் சிலவற்றைக் கொண்டு இதனை விளக்க முயல்வேன்.

இம்மொழி நமக்குப் புதியதென்று எண்ண வேண்டா. கிராமத்து வீடொன்றின் படலையிலே குலையோடு கூடிய இரண்டு வாழைகள் கட்டப்பட்டு, உள்ளே நிறைகுடம் வைக்கப்பட்டிருந்தால், அங்கே மங்கலக் காரியம் நடைபெறுகின்றதென்பதை எழுத்தறியாதவரும் அறிவர். தென்னங்குருத்தினாலே பின்னிய தோரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குருவித்தலைகள் மேல்நோக்கியிருந்தால் அது மங்கலம், கீழ்நோக்கியிருந்தால் அமங்கலம். ஒரே ஓலை, ஒரே கை. திசை மாறியவுடன் செய்தி மாறிவிடுகின்றது. கலியாண வீடா, இழவு வீடா என்பதைத் தெருவிலே போகின்றவர் வாசலைப் பார்த்தே தெரிந்துகொள்கின்றார். முல்லைத்தீவு மாவட்டத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலிலே, வைகாசிப் பொங்கலின்போது கடலிலிருந்து எடுத்துவந்த உப்புநீரினால் விளக்கெரிப்பது மரபு. அங்கே பேசுவது விளக்கு மாத்திரமன்று. எண்ணெய் இருக்க வேண்டிய இடத்திலே கடல்நீர் இருப்பதும் பேசுகின்றது.

இன்னும் பழைய சான்று வேண்டுமாயின், தொல்காப்பியத்தைப் பார்க்கலாம். போரிலே வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுப்பதனை அந்நூல் ஆறு நிலைகளாக வகுக்கின்றது. கல்லைக் காணுதல், கொள்ளத் தொடங்குதல், நீராட்டுதல், நடுதல், படையல் இடுதல், வாழ்த்துதல் என்பன அவை. இந்த ஆறனுள் நடுதல் ஒன்றுதான். ஏனையவெல்லாம் நடுவதற்கு முன்னும் பின்னும் மக்கள் செய்யும் செயல்கள். காட்டிலே கிடந்த கல்லை நினைவுக்கல்லாக ஆக்கியது உளி மட்டுமன்று. அதனைத் தேடிச் சென்ற காலும், நீராட்டிய கையும், வாழ்த்திய வாயுமே அதனை அவ்வாறு ஆக்கின. நான்காம் கேள்வி, அதாவது செயல் பற்றிய கேள்வி, நம்முடைய முன்னோருக்கு நன்கு தெரிந்ததொன்றே என்பது இதனாற் பெறப்படும்.

இனி, நம் நாட்டிலே இக்கலையைக் கையாண்ட இருவரைக் குறிப்பிடுவேன். முதலாமவர் கொழும்பிலே பணியாற்றிய சந்திரகுப்த தேனுவர. போர்க்காலத்திலே ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பீப்பாய்கள் வரிசையாக நின்றதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஓமந்தையிலே வரிசையில் நின்றவர்களுக்கு அவற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தேனுவர அப்பீப்பாயையே எடுத்து, படையினரின் உடைக்குரிய பச்சைத் திட்டுக்களைத் தீட்டி, 1997 ஆம் ஆண்டிலே கலைக்கூடத்துள் வைத்தார். இந்தப் போக்குக்குப் 'பீப்பாய்வாதம்' என்று பொருள்படும் பெயரையும் இட்டார். வீதியிலே அப்பீப்பாயைக் கண்டவர்கள் பழக்கத்தினால் அதனைக் காணாமலே கடந்துபோயினர். கூடத்துள் கண்டபோதுதான், ஒரு நாடு முழுவதும் பீப்பாய்களுக்கு இடையே நடந்து பழகிவிட்டது என்பது அவர்களுக்கு உறைத்தது. பொருள் அதுவே, இடம் மாறியது, கண் திறந்தது.

மற்றவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கலை பயிற்றும் தா. சனாதனன். 1981 ஆம் ஆண்டு எரிக்கப்பட்டுப் பின்னர் மீளக் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே, 2004 ஆம் ஆண்டு அவர் ஒரு படைப்பை அமைத்தார். வீடுவீடாகப் பெற்ற சிறு சிறு பொருள்களைக் கலங்களுள் இட்டு அங்கே வைத்தார். நூல்களை இழந்த நூலகத்திலே ஊரார் வீட்டுப் பொருள்களே நூல்களாக நின்றன. 2011 இலே அவர் வெளியிட்ட இன்னொரு படைப்பு நூல் வடிவினது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. சனாதனன் அதனை 'முற்றுப்பெறாத தோம்பு' ஆக்கினார். இடம்பெயர்ந்த மக்கள் எண்பதின்மர், தாம் விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து தம் கையாலே வரைந்தனர். கிணறு இங்கே, மாமரம் இங்கே, சாமியறை இங்கே என்று நடுங்கும் கோட்டினாலே வரைந்த அப்படங்கள், அலுவலகக் கோப்புப் போன்ற கட்டமைப்பினுள் வைக்கப்பட்டன. உறுதி தொலைந்து போகலாம், காணி பறிபோகலாம், வீட்டின் அளவு மாத்திரம் உடம்பிலே பதிந்து கிடக்கின்றது. அரசாங்கக் கோப்பின் உருவத்திலே அதனைத் தந்தமையால், நினைவும் ஓர் ஆவணம் என்னும் வாதத்தை அவர் சொல்லாமற் சொல்லிவிட்டார்.

இவ்விருவர் படைப்பும் கூடத்தினுள்ளும் ஏட்டினுள்ளும் அமைந்தவை. நாம் விரும்பினாலன்றி அவற்றைக் காணமாட்டோம். வழியோரச் சின்னமோ நம் விருப்பத்தைக் கேளாமலே நம் கண்ணிற்படுவது. கண்டி வீதி என்று நாம் வழங்கும் ஏ9 பாதையிலே வவுனியாவிலிருந்து ஆனையிறவு வரை செல்பவர், பாடசாலைக்கு நடக்கும் பிள்ளை உட்பட, பல சின்னங்களைக் கண்டே தீர வேண்டும். ஆகவே அவற்றைப் படிக்கத் தெரிந்துகொள்வது நம் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பதைப் போலவே வேண்டியதாகின்றது.

போர் முடிந்தபின் கிளிநொச்சி நகரிலே ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. சாம்பல் நிறமான பெரிய கொங்கிறீற்றுக் கனசதுரம், அதனைப் பேரளவான எறிகணையொன்று துளைத்து நிற்கின்றது, சுவர் வெடித்திருக்கின்றது, உச்சியிலே தாமரை மலர்ந்திருக்கின்றது. வன்மை உடைந்து அமைதி மலர்ந்தது என்பது நாட்டியோர் கருதிய பொருள் என்று கொள்ளலாம். நம் நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். எதனால் ஆயது? கொங்கிறீற்றுச் சுவரும் எறிகணையும். எங்கே நிற்கின்றது? அந்தப் போரிலே ஏறத்தாழ முழுவதும் இடிந்து, மக்கள் எல்லாரும் வெளியேறிச் சென்று, பின் திரும்பிவந்த நகரிலே. அளவு? நிமிர்ந்து பார்க்க வேண்டிய உயரம். செயல்? வெளியூரிலிருந்து வருவோர் நின்று படம் எடுத்துக்கொள்வர். உள்ளூரார் பெரும்பாலும் பாராமற் கடந்து செல்வர். தொலைவிலிருந்து வந்தவருக்கு அது உருவகம். இங்கே வாழ்பவருக்கோ எறிகணை துளைத்த சுவர் என்பது தம் வீட்டின் அடுக்களைச் சுவர். சித்திரப் பாட வேளையிலே இச்சின்னம் பற்றிப் பேச்செழுந்தபோது மாணவி ஒருத்தி, "பூ மலர்ந்துவிட்டதே ஐயா, வெடிப்பை மட்டும் ஏன் இன்னும் பூசாமல் விட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டாள். விமரிசன நூல் எதனையும் அவள் படித்ததில்லை. சின்னத்திலே உள்ளதைத்தான் அவள் பார்த்தாள்.

ஆனையிறவிலே இன்னொரு காட்சி. 1991 ஜூலையிலே விடுதலைப் புலிகள் அம்முகாமைத் தாக்கியபோது, இரும்புத் தகடுகள் பொருத்திய புல்டோசர் ஒன்றைப் பயன்படுத்தினர். காமினி குலரத்ன என்னும் படைவீரர் அதன்மேல் ஏறிக் கைக்குண்டினால் அதனைத் தடுத்துத் தாமும் உயிர்நீத்தார். அந்த வாகனமே வழியோரத்திலே அவர் நினைவாக வைக்கப்பட்டது. இங்கே பீடத்தின்மேல் இருப்பது வாகனத்தின் சிலையன்று, வாகனமே. ஆதலின் அதன் வலிமை பெரிது. தெற்கிலிருந்து வருபவர் அதிலே ஒரு தாயின் மகன் செய்த தியாகத்தைக் காண்கின்றார். அது மதிக்கத்தக்க உணர்வே. வன்னி விவசாயியோ, காடுவெட்டி மண் மட்டஞ்செய்ய வேண்டிய இயந்திரத்துக்கு ஏன் இந்தக் கதி வந்தது என்று எண்ணுகின்றான். அதன் உள்ளே இருந்தவனும் ஒரு தாயின் மகன்தானே என்றும் எண்ணுகின்றான். மெய்ப்பொருளை நாட்டி வைப்பதிலே உள்ள தன்மை இது. சிலை ஒன்றைச் செதுக்குபவர் வேண்டாததை விலக்கிவிடலாம். மெய்ப்பொருளோ தன் முழு வரலாற்றோடும் வந்து நிற்கும். நாட்டியவர் சொல்ல விரும்பாததையும் அது சொல்லும்.

கிளிநொச்சியின் நீர்த்தாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 ஜனவரியிலே நகர் கைமாறிய வேளையில், புலிகள் பின்வாங்கியபோது அது தகர்க்கப்பட்டது. பக்கவாட்டிலே சரிந்த அப்பேருருவம் அகற்றப்படாமல், பின்னர் காட்சிப் பொருளாகப் பேணப்பட்டது. எந்தக் கலைஞரும் அதனைச் செய்யவில்லை. ஆயினும் அது கலைஞர் செய்த எதனையும் விட அழுத்தமாகப் பேசிற்று. ஏனெனில் தண்ணீர் எல்லார்க்கும் பொது. ஜப்பானிலே ஹிரோஷிமா நகரத்தார், 1945 இல் அணுகுண்டினாற் சிதைந்த கட்டடமொன்றின் கூரைக்கூட்டை அவ்வாறே நிறுத்திவைத்திருக்கின்றனர். அங்கே சிதைவைச் சுற்றி அமைதி காக்கப்படுகின்றது. இங்கே தாங்கியின் அருகிலே நினைவுப் பொருட் கடையொன்று வைக்கப்பட்டிருந்தது. இடத்தின் இயல்பு சிறிது மாறினாலும் பொருளின் குரல் எவ்வளவு மாறிவிடுகின்றதென்பதை நேயர்களே எண்ணிப் பாருங்கள்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கத் தலைநகரிலே வியற்நாம் போரில் இறந்த படைவீரருக்கு நினைவிடம் அமைக்கப் போட்டி நடந்தது. 1981 இலே அதில் வென்றவர் மாயா லின் என்னும் இருபத்தொரு வயது மாணவி. அவர் வானளாவும் தூண் எதனையும் எழுப்பவில்லை. நிலத்தைச் சற்றே கீறி, கறுப்புக் கருங்கற் சுவர் இரண்டை அமைத்து, அதிலே ஐம்பத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களைப் பொறிக்கச் செய்தார். 1982 இலே அது திறக்கப்பட்டது. மெருகிட்ட கல்லாதலின், பெயரைத் தேடுபவரின் முகம் அப்பெயரின்மேலேயே நிழலாடும். கைக்கெட்டும் உயரத்திலுள்ள எழுத்தைத் தாய்மார் தடவுவர். காகிதத்தை வைத்துத் தேய்த்து மகன் பெயரை எடுத்துச் செல்வர். தொடக்கத்திலே அந்நாட்டிற் பலர் இதனை எதிர்த்தனர்; வீரத்தைக் காணோமே என்றனர். வந்து நின்றவர்கள் பின்னர் ஏற்றுக்கொண்டனர். நிமிர்ந்து பார்க்கச் செய்யும் சின்னம் வெற்றியைச் சொல்லும். கைக்கெட்டும் சின்னம் இழப்பைச் சொல்லும்.

அப்படியாயின், ஒரு சின்னத்தின் பொருள் அதனை நாட்டியவர் கையிலேயே என்றும் இருக்குமா? இதற்கு விடை ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவிலே இருக்கின்றது. 1803 ஆகஸ்டிலே முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றியவன் பண்டாரவன்னியன். அவ்வாண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள் டிறிபேர்க் என்னும் படைத்தலைவன் அவனைத் தோற்கடித்தான். அந்த இடத்தைக் குறித்துப் பின்னர் ஆங்கிலேயர் ஒரு கல் நாட்டினர். கல்லிலே பொறித்தது தம் படைத்தலைவனின் வெற்றியை. காலம் சென்றது. டிறிபேர்க்கை நினைப்பதற்காக ஒருவரேனும் அங்கே சென்றதாக யாம் அறியோம். மக்கள் சென்றது பண்டாரவன்னியனை வணங்குவதற்காக. எழுத்தை எவரும் மாற்றவில்லை.  அதன் முன்னே மாலை வைத்த கைகள் பொருளை மாற்றிவிட்டன. வென்றவர் நாட்டிய கல்லே தோற்றவனுக்கு நடுகல் ஆயிற்று. சின்னத்தைத் தொடங்கி வைப்பவர் நாட்டியவர். முடித்து வைப்பவர் முன்னே நிற்பவர்.

செயலினாலேயே நிற்கும் நினைவொன்று மே மாதந்தோறும் நம்மிடையே நிகழ்கின்றது. 2009 இன் முதல் மாதங்களிலே, முள்ளிவாய்க்காலின் ஒடுங்கிய கரையிலே, அரிசியும் நீரும் உப்புமாகக் காய்ச்சிய கஞ்சியே பலர்க்கு உயிர்தந்தது. அக்கஞ்சியை இன்று வழியோரத்திலே காய்ச்சி வருவோர்க்கெல்லாம் வழங்குகின்றனர். அதற்குப் பீடம் இல்லை, கல்வெட்டும் இல்லை. குடித்தவுடன் மறைந்துவிடும். ஆயினும் 2009 இன் பின் பிறந்த பிள்ளை அதன் சுவையற்ற சுவையை நாவிலே உணரும்போது, நூறு பக்க வரலாறு சொல்லாததை அறிந்துகொள்கின்றது.

இறுதியாக, எல்லாவற்றினும் எளியதும் எல்லாவற்றினும் வலியதுமாகிய ஒன்று. 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றிலிலே, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். சில நாள்களில் வவுனியாவிலும், மார்ச்சிலே முல்லைத்தீவிலும் அது தொடங்கியது. வீதியோரத்திலே ஒரு கொட்டகை, அதனுள்ளே நிழற்படங்கள், படங்களினருகே தாய்மார். அவர்கள் கலை செய்ய வந்தவர்கள் அல்லர். பிள்ளையைத் தேடி வந்தவர்கள். ஆயினும் நம் நான்கு கேள்விகளுக்கும் அக்கொட்டகை விடை சொல்கின்றது. பொருள்: பள்ளிக்கூட அடையாள அட்டைக்கும் கலியாணத்துக்கும் எடுத்த படங்கள். இடம்: ஆட்சியாளர் முதல் உல்லாசப் பயணி வரை எல்லாரும் கடக்கும் பெருவீதி. அளவு: மார்போடு அணைத்துப் பிடிக்கும் அளவு. செயல்: நாள்தோறும் வந்து இருத்தல்.

அப்படங்களிலே இன்னுமொன்றைக் கவனியுங்கள். நம் வீடுகளிலே இறந்தவர் படத்துக்கு மாலை சூட்டுவோம், பொட்டிடுவோம், முன்னே விளக்கு வைப்போம். இத்தாய்மார் கையிலுள்ள படங்களுக்கு மாலை இல்லை. மாலை சூட்டினால் தேடல் முடிந்துவிடும். சூட்டாதிருப்பதே அவர்களுடைய கேள்வி. 'என் பிள்ளை எங்கே?' என்பதை எழுத்திலே எழுதாத படமும் அந்த இன்மையினாலே கேட்டுக்கொண்டிருக்கின்றது. தோரணத்தின் திசையைப் படிக்கத் தெரிந்த நமக்கு இது விளங்காமற் போகாது. பிறமொழி பேசும் விருந்தினர் இதனை அறியாமற் போகலாம். அவர்களுக்கு எடுத்துரைத்தல் நம் கடமை.

தெற்கிலும் இதே துயரம் உண்டு. 1980 களின் இறுதியிலே காணாமற்போன சிங்கள இளைஞருக்காக, சீதுவையை அடுத்த றத்தொலுவைச் சந்தியிலே ஒரு நினைவிடம் 2000 ஆம் ஆண்டிலே அமைக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் முன்னே கூறிய தேனுவர. அங்கும் சுவரிலே இருப்பவை முகங்களே. ஆண்டுதோறும் ஒக்டோபர் 27 ஆம் நாள் தாய்மார் அங்கே கூடுவர். றத்தொலுவைத் தாயும் வவுனியாத் தாயும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாதவராயிருக்கலாம். படத்தைப் பிடிக்கும் முறையிலே வேற்றுமை இல்லை. அரசியல் மேடைகளிலே கிட்டாத உடன்பாடு ஒன்று இந்தப் படங்களுக்கிடையே இருக்கின்றது.

இவற்றால் நாம் கொள்ள வேண்டியன இரண்டு. ஒன்று கல்வி பற்றியது. சித்திரப் பாடம் என்பது பூச்சாடி வரைவதோடு நின்றுவிடலாகாது. பிள்ளைகளை ஊரிலுள்ள ஒரு சின்னத்தின் முன் நிறுத்தி, பொருள், இடம், அளவு, செயல் என்னும் நான்கையும் கேட்கப் பழக்க வேண்டும். விடையை நாம் சொல்ல வேண்டா. ஒரே சின்னத்துக்கு இருவேறு விடைகள் வருமாயின், இரண்டையும் பொறுமையோடு கேட்கப் பழக்கினாற் போதும். மற்றது, பொதுவிடங்களிலே சின்னம் எழுப்புவோர்க்கு உரியது. உயரத்தையும் செலவையும் கணக்கிடுமுன் சில எளிய கேள்விகளை அவர்கள் தமக்குள் கேட்டுக்கொள்வார்களாக. இங்கே ஒரு விளக்கு வைக்க இடமுண்டா? கை எட்டுமா? பக்கத்து ஊரிலுள்ள தாய், அவள் எந்தப் பக்கத்துப் பிள்ளையை இழந்தவளாயினும், அஞ்சாமல் வந்து நிற்க இயலுமா? நாட்டும் உரிமை பெரும்பாலும் வலியவரிடத்தேயே இருக்கும். வந்து நிற்கும் உரிமையாவது எல்லார்க்கும் இருத்தல் வேண்டும். அவ்வுரிமை இல்லாத இடத்திலே, எத்துணைப் பெரிய சின்னமும் வழியை மறைக்கும் கல்லாகவே நிற்கும்.